குப்பி விளக்கிலிருந்து எல்.இ.டி. வரை



ஒரு பட்டன் செல், ஒரு எல்.இ.டி., கொஞ்சம் செலோ டேப். இந்த மூன்றும் கையில் இருந்தால் அரை நிமிடத்தில் ஒரு குட்டி விளக்கு ரெடி. பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சியில் சின்னப் பிள்ளைகள்கூட இதைச் செய்துவிடுவார்கள். ஆனால் இந்த அரை நிமிட வேலைக்குப் பின்னால் ஏறக்குறைய 90 வருடக் கதை இருக்கிறது. அதில் பட்டினியால் இறந்த ஓர் ஆராய்ச்சியாளர் வருகிறார். தீக்காயம் பட்டவர்களுக்கு சிகிச்சை செய்த ஒரு மருத்துவர் வருகிறார். மலை ஏறப் போன ஒரு பேராசிரியரும் வருகிறார். அந்தக் கதையைத்தான் இந்தப் பதிவில் பார்க்கப் போகிறோம்.

மருந்துக் குப்பியில் ஒரு விளக்கு

வீட்டில் கிடைப்பதை வைத்து விளக்கு செய்வது எல்.இ.டி. வந்த பிறகு தொடங்கிய பழக்கம் அல்ல. மின்சாரம் இல்லாத வீடுகளில் காலி மருந்துக் குப்பியும் இங்க் பாட்டிலும்தான் விளக்கு. மூடியில் ஓட்டை போட்டு, துணித்திரி செருகி, மண்ணெண்ணெய் ஊற்றினால் முடிந்தது. 1990களில் மின்சாரம் இல்லாமல் இருந்த யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயும் அரிதாகிவிட்டதால், ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்ச எண்ணெயில் நீண்ட நேரம் எரியும் விளக்கைச் செய்து, அதன் வெளிச்சத்தில் படித்து பரீட்சை எழுதினார்கள்.

செலவில்லாத விளக்குதான், ஆனால் ஆபத்தானது. குப்பி உயரமாகவும் லேசாகவும் இருக்கும், கை பட்டால் சாயும். சாய்ந்தால் உருளும். மூடி இறுக்கமாக இல்லாததால் எண்ணெய் கொட்டும், கொட்டிய எண்ணெயில் தீ பிடிக்கும்.

இப்படித் தீக்காயம் பட்டவர்களுக்கு சிகிச்சை செய்தவர் இலங்கை அறுவை சிகிச்சை மருத்துவர் விஜய கொடகும்புற. காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே இருந்தால் போதாது, விளக்கையே மாற்ற வேண்டும் என்று அவர் நினைத்தார். 1990களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கிய கண்ணாடி விளக்கு குட்டையானது, கனமானது, எளிதில் சாயாது. இரண்டு பக்கம் தட்டையாக இருப்பதால் சாய்ந்தாலும் உருளாது. திருகு மூடி இருப்பதால் எண்ணெய் கொட்டாது. இதற்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. இந்தத் திருகு மூடியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடியும் வரும்.

சாணைக் கல்லில் தெரிந்த வெளிச்சம்

இப்போது இன்னொரு பக்கம் போவோம். 1907இல் மார்க்கோனியிடம் வேலை பார்த்த ஹென்றி ஜோசப் ரவுண்ட் என்ற ஆங்கிலேயர் கார்போரண்டம் படிகத்தில் மின்சாரம் செலுத்திப் பார்த்தார். கார்போரண்டம் என்றால் வேறொன்றுமில்லை, சாணைக் கல்லில் இருக்கும் அதே சிலிக்கான் கார்பைடுதான். 10 வோல்ட் கொடுத்ததும் மஞ்சளாக ஒளி தெரிந்தது. ஒரு பத்திரிகைக்குச் சின்னக் குறிப்பு எழுதி அனுப்பியதோடு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

அதை விடாமல் ஆராய்ந்தவர் ரஷ்யாவின் ஓலெக் லோசெவ். முறையான பல்கலைக்கழகப் படிப்பை முடிக்காமலே ரேடியோ ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். ரேடியோவுக்கான படிகங்களில் வெளிச்சம் வருவதை 1920களில் கவனித்தார். சூடேறியதால் ஒளிர்கிறதா என்ற சந்தேகம் வந்தது. அதைத் தீர்க்க அவர் செய்தது மிக எளிய சோதனை. ஒளிரும் இடத்தில் ஒரு துளி பென்சினை விட்டுப் பார்த்தார். அது வேகமாக ஆவியாகவில்லை. அப்படியென்றால் இது குளிர்ந்த ஒளி! பல கட்டுரைகள் எழுதினார், காப்புரிமையும் கேட்டார். ஆனால் 1942இல், ஜெர்மானியப் படைகள் லெனின்கிராடை முற்றுகையிட்டிருந்தபோது, பட்டினியால் இறந்துபோனார். வயது 38. அவருடைய ஆராய்ச்சியும் வெகுகாலம் மறக்கப்பட்டுக் கிடந்தது.

நீலம் இல்லாமல் வெள்ளை இல்லை

1962இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் நிக் ஹோலோனியாக் சிவப்பு எல்.இ.டி.யைச் செய்து காட்டினார். 1970களில் அது கால்குலேட்டரிலும் கைக்கடிகாரத்திலும் எண்ணாக ஒளிர்ந்தது. பிறகு மஞ்சள், பச்சை எல்லாம் வந்தன. இருந்தும் இவற்றால் "கருவி ஓடிக்கொண்டிருக்கிறது" என்று சொல்ல முடிந்ததே தவிர, ஒரு பிள்ளை உட்கார்ந்து படிக்க வெளிச்சம் தர முடியவில்லை. படிக்க வெள்ளை ஒளி வேண்டும். வெள்ளைக்கு நீலம் வேண்டும். நீலத்துக்கான காலியம் நைட்ரைடு படிகத்தை நன்றாக வளர்ப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

அதைச் சாதித்தவர்கள் ஜப்பானியர். நகோயாவில் இசாமு அகசாகியும் ஹிரோஷி அமானோவும் வழி திறந்தார்கள். தொகுஷிமாவில் நிச்சியா என்ற நிறுவனத்தில் இருந்த ஷுஜி நகமுரா 1993இல் பிரகாசமான நீல எல்.இ.டி.யைக் கொண்டுவந்தார். அந்த நீலத்தின்மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பரைப் பூசியதும் வெள்ளை வந்தது. 1996இல் நிச்சியா அதை விற்பனைக்கு விட்டது. மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. காப்புரிமைக்காக நகமுராவுக்கு முதலில் கிடைத்தது வெறும் 20,000 யென்! பிறகு வழக்குப் போட்டு, 2005இல் சுமார் 84 கோடி யென்னுக்கு சமரசம் ஆனது தனிக் கதை.

0.1 வாட்டில் ஒரு புத்தகம்

1997இல் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவ் இர்வின்-ஹாலிடே நேபாளத்தில் மலை ஏறப் போனார். வழியில் இருட்டாக இருந்த ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். ஊர் திரும்பியதும் எல்.இ.டி.களை வைத்துச் சோதனைகள் செய்தார். வெள்ளை எல்.இ.டி. கைக்கு வந்தபோதுதான் விடை கிடைத்தது. 0.1 வாட் மட்டும் எடுக்கும் ஒரே எல்.இ.டி.யின் கீழ் ஒரு குழந்தை படிக்க முடியும்! கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு 60 வாட் குண்டு பல்ப் எடுக்கும் மின்சாரத்தில் இப்படி 600 பேர் படிக்கலாம். "லைட் அப் தி வேர்ல்ட்" என்ற அமைப்பைத் தொடங்கி மலைக் கிராமங்களுக்கு விளக்கு கொண்டுபோனார். 2002இல் அவருக்கும் அதே ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

நம் மேசைக்கு வந்த விளக்கு

சிவப்பு எல்.இ.டி.க்கு சுமார் 2 வோல்ட் போதும், வெள்ளைக்கு சுமார் 3 வோல்ட். அதனால்தான் 3 வோல்ட் பட்டன் செல்லோடு நேராகவே சேர்த்துவிடலாம். அந்தச் செல்லால் அதிக மின்னோட்டம் தர முடியாது என்பதால் எல்.இ.டி. கெடாது. 9 வோல்ட் பேட்டரி என்றால் ரெசிஸ்டர் கட்டாயம். 9இல் 3 போனால் 6 வோல்ட், அதை 0.02 ஆம்பியரால் வகுத்தால் 300 ஓம். கடையில் கிடைக்கும் 330 ஓம் போட்டால் சரி.

சுவர்க் கடிகாரத்தில் ஓய்ந்துபோன 1.5 வோல்ட் செல்லையும் தூக்கிப் போட வேண்டாம். 1999இல் "எவ்ரிடே பிராக்டிகல் எலெக்ட்ரானிக்ஸ்" என்ற பிரிட்டிஷ் இதழில், ஒரே செல்லில் எல்.இ.டி.யை எரிக்கும் சர்க்யூட் வந்தது. "ஜூல் தீஃப்", அதாவது ஜூல் திருடன், என்ற பெயர் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரெசிஸ்டர், ஃபெரைட் வளையத்தில் சுற்றிய இரண்டு கம்பிச்சுருள்கள், அவ்வளவுதான். கம்பிச்சுருளில் மின்னோட்டம் ஏறி, டிரான்சிஸ்டர் சட்டென்று அதை நிறுத்தும்போது சுருளில் தேங்கிய சக்தி அதிக வோல்ட்டாகப் பாய்கிறது. நொடிக்குப் பல ஆயிரம் தடவை இது நடப்பதால் நம் கண்ணுக்கு விளக்கு சிமிட்டாமல் எரிவதாகத் தெரியும்.

2006இல் நியூயார்க்கின் கிராஃபிட்டி ரிசர்ச் லேப் குழுவினர் பட்டன் செல், எல்.இ.டி.யோடு ஒரு காந்தத்தையும் சேர்த்துக் கட்டி, இரும்புச் சுவர்களில் வீசி ஒட்ட வைத்தார்கள். வீட்டில் செய்யும் நமக்குக் காலி ஊறுகாய் பாட்டில் போதும். எல்.இ.டி.யின் தலையை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் ஒளி ஒரே பக்கம் பாயாமல் பரவலாக விழும்.

மறுபடியும் அந்தத் திருகு மூடி

தீ இல்லாத விளக்கு என்பதால் ஆபத்தே இல்லை என்று நினைக்க வேண்டாம். பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கிவிட்டால், உணவுக்குழாயின் ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாகிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பட்டன் செல் விளக்கு வேண்டவே வேண்டாம், இரண்டு பென்சில் செல் போட்டுச் செய்யுங்கள். மற்ற வீடுகளிலும் செல் இருக்கும் பெட்டிக்குத் திருகாணி போட்ட மூடி அவசியம்.

அன்றைய குப்பி விளக்கைக் குறை சொல்லிவிட்டு விலகிப் போகாமல், அதற்கு ஒரு நல்ல மூடியைச் செய்துகொடுத்தார் அந்த மருத்துவர். நம் வீட்டில் செய்யும் இந்தக் குட்டி விளக்குக்கும் அந்த மூடி தேவைப்படுகிறது. செய்யும்போது அதையும் சேர்த்தே செய்யுங்கள்.