கையில் அடங்கும் வாகனம்

மாலையில் புறநகர் இரயிலிலிருந்து இறங்கும் மனிதருக்குப் பயணம் அத்துடன் முடிந்துவிடுவதில்லை. மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் வாழும் தமிழராகிய நம்மில் பலர் இதனை நாள்தோறும் உணர்கிறோம். நிலையத்துக்கு அண்மையில் வாடகை மிகுதி; ஆகவே குடியிருப்பு ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளியே அமைகிறது. நெடுந்தொலைவை இரயிலில் விரைந்து கடந்த நாம், எஞ்சிய சிறு தொலைவுக்காக ஆட்டோவை எதிர்நோக்கி நிற்கிறோம். அன்றேல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கிறோம். இக்கடைசித் தொலைவைக் கடப்பதற்கு, இரயிலில் கையோடு கொண்டுசெல்லத்தக்க ஒரு சிறு வண்டி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்னும் எண்ணம் புதியதன்று. நூறு ஆண்டுகளுக்கு மேலாகவே மனிதர் அத்தகைய வண்டியைத் தேடி வந்திருக்கின்றனர். அத்தேடலின் விளைவுகளுள் ஒன்றுதான் ‘எலெக்ட்ரிக் ஸ்கேட்போர்டு’ எனப்படும் மின்சாரச் சக்கரப் பலகை. அதன் வரலாற்றைச் சிறிது காண்போம்.

பார்வைக்குப் பலகை மிக எளியது. ஏறக்குறைய இரண்டு முழ நீளமுள்ள ஒரு பலகை. அதன் அடியில் முன்னும் பின்னுமாக நான்கு சிறு சக்கரங்கள். சக்கரத்தை ஒட்டியோ சக்கரத்தின் உள்ளேயோ ஒரு மோட்டார். பலகையின் அடிவயிற்றில் ஒரு பாட்டரி. அதன்மேல் நின்றுகொண்டு, கையில் பிடித்த சிறு விசையால் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இறங்கியதும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரயிலேறலாம். இவ்வளவு எளிய பொருள் உருவாவதற்கு இருநூற்றைம்பது ஆண்டுகள் ஆயின என்றால் வியப்பாகத் தோன்றும். அதற்குத் தடையாக நின்றவை மூன்று எனலாம். முதலாவது, சக்கரம், இரண்டாவது, அதனை உருட்டும் ஆற்றல், மூன்றாவது, தெரு.

சிறு சக்கரத்துக்கு இயல்பாக உள்ள குறை ஒன்றைப் பழந்தமிழ் நூலிலேயே காண்கிறோம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக் காட்சி ஒன்று வருகிறது. முற்றத்தில் உலரும் தானியத்தைத் தின்ன வந்த கோழியை விரட்டுவதற்காக மகளிர் தம் காதிலுள்ள பொற்குழையைக் கழற்றி எறிகின்றனர். அக்குழை, குதிரை பூட்டாமல் சிறுவர் உருட்டி வரும் மூன்றுருளைச் சிறுதேரின் வழியை மறிக்கிறது. புலவர் காட்ட விரும்பியது ஊரின் செல்வச் செழிப்பு. ஆயினும் அக்காட்சியில் இயந்திர நூலார் ஒப்பும் உண்மை ஒன்றும் அடங்கியுள்ளது. பெரிய தேரின் சக்கரம் உணராமலே ஏறிக் கடக்கும் ஒரு சிறு பொருள், சின்னஞ்சிறு சக்கரத்துக்குச் சுவராக நிற்கும். சக்கரம் சிறுக்கச் சிறுக்க, வழுவழுப்பான தெரு வேண்டும்.

மேனாட்டில் காலடியில் சக்கரம் கட்டிக்கொண்டு உருள முயன்றவருள் முற்பட்டவர் ஜான் ஜோசப் மெர்லின் என்பவர். இன்றைய பெல்ஜியத்தில் பிறந்து 1760-இல் லண்டனுக்கு வந்த கருவி வல்லுநர் அவர். ஒரு மாளிகை விருந்தில், சக்கரக் காலணி அணிந்து வயலின் வாசித்துக்கொண்டே உருண்டு வந்த அவர், நிற்கவும் இயலாமல் திரும்பவும் இயலாமல் விலையுயர்ந்த நிலைக்கண்ணாடி ஒன்றில் மோதி அதனை நொறுக்கினார் என்று ஒரு பழைய செய்தி உண்டு. திரும்பும் வழியை நூறாண்டுகளுக்குப் பின் கண்டவர் நியூயார்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளிம்டன். உடலை ஒரு புறம் சாய்த்தால் அச்சும் அப்புறமே வளைந்து திரும்புமாறு அவர் 1863-இல் சக்கரக் காலணி அமைத்தார். இன்றைய பலகையும் அந்த முறையிலேயே திரும்புகிறது. பிடிகோல் வேண்டாமையால்தான் பலகை கையில் அடங்கும் பொருளாயிற்று.

சக்கரத்தோடு மோட்டாரைச் சேர்த்து, அதனை நாட்பயணத்துக்கு உரியதாக்கும் முயற்சி 1915-இல் நியூயார்க்கில் தோன்றியது. ‘ஆட்டோபெட்’ என்பது அதன் பெயர். நின்றுகொண்டே ஓட்டும் சிறு வண்டி அது. முன்சக்கரத்தின்மேல் பெட்ரோல் இயந்திரம் இருந்தது. பிடிகோலை முன்னுக்குத் தள்ளினால் வண்டி ஓடும். பின்னுக்கு இழுத்தால் நிற்கும். வேலை முடிந்ததும் கோலை மடித்துவைக்கலாம். மின்சார மோட்டார் பொருத்திய வகையும் விற்கப்பட்டது. நியூயார்க்கில் விரைவுத் தபால் வழங்குவோர் அதில் சென்றனர். லண்டனில் பெண்களின் வாக்குரிமைக்காகப் பாடுபட்ட புளோரன்ஸ் நார்மன் சீமாட்டியார், அதில் நின்றபடி வேலைக்குச் செல்லும் 1916-ஆம் ஆண்டுப் புகைப்படம் இன்றும் கிடைக்கிறது. ஆயினும் வண்டி நிலைபெறவில்லை. சைக்கிளைவிட விலை கூடியது. உட்கார இடம் இல்லாதது. கல்லும் குழியுமான சாலையில் அதன் சிறு சக்கரங்கள் தடுமாறின. 1920-களின் தொடக்கத்திலேயே அதன் உற்பத்தி நின்றது.

கைப்பிடியில்லாப் பலகையோ வேறொரு மூலையில், விளையாட்டாகப் பிறந்தது. கலிபோர்னியாக் கடற்கரையில் அலைமேல் சறுக்கி விளையாடும் இளைஞர்கள், அலை ஓய்ந்த நாட்களில் பொழுது போகாமல், பழைய சக்கரக் காலணிகளைப் பிரித்துப் பலகையில் அறைந்து தெருவில் ஓட்டினர். இது 1950-களை ஒட்டி நிகழ்ந்தது. 1960-களின் தொடக்கத்தில் பலகை கடைச் சரக்காயிற்று. அக்காலச் சக்கரங்கள் இரும்பாலோ, களிமண் கலந்து வார்த்த ஒரு கலவையாலோ ஆனவை. ஒரு கூழாங்கல் குறுக்கிட்டால் பலகை சட்டென நிற்கும். மேலே நின்றவர் முன்னே விழுவார். கைகால் முறிவுகள் பெருகின. 1965 மே மாதம் ‘லைப்’ இதழ் அட்டையில் ஒரு பெண் பலகைமேல் தலைகீழாக நிற்கும் படத்தை வெளியிட்டு, இம்மோகத்தின் அபாயத்தையும் பேசியது. அவ்வாண்டிலேயே அமெரிக்க நகரங்கள் பல, தெருவில் பலகை ஓட்டுவதைத் தடுத்தன. பலகை மறைந்துபோகும் போலிருந்தது.

அதனை மீட்டது ஒரு புதிய பொருள். சறுக்கு மண்டபங்களில் வழங்கும் காலணிக்காகச் செய்யப்பட்ட பாலியூரித்தேன் சக்கரங்களைப் பிராங்க் நாஸ்வொர்த்தி என்னும் இளைஞர் 1970-இல் வர்ஜீனியாவில் கண்டார். இரப்பரைப்போல நெகிழ்வும், அதனினும் மிக்க உறுதியும் கொண்ட அப்பொருள், தரையைப் பற்றிக்கொள்ளும். சிறு கல்லையும் அமுக்கிக் கடக்கும். சில ஆண்டுகளில் அவர் கலிபோர்னியாவில் அத்தகைய சக்கரங்களை விற்கத் தொடங்கினார். முதல் தடை பெரும்பாலும் நீங்கியது.

அடுத்தது ஆற்றல். 1975-இல் கலிபோர்னியாவில் ‘மோட்டோபோர்டு’ என்னும் பெட்ரோல் பலகை விற்பனைக்கு வந்தது. இரைச்சலும் புகையும் மிக்க அதனை மக்கள் விரும்பவில்லை. 1977-இல் அம்மாநிலம் மோட்டார் பொருத்திய பலகைகளைச் சாலையிலும் நடைபாதையிலும் ஓட்டுவதைத் தடை செய்தது. பெட்ரோல் பலகையின் தொல்லையைக் கண்டு இயற்றிய சட்டம், எந்த மோட்டார் என்று பிரித்துப் பேசவில்லை. அதனால் பின்னர் வந்த ஓசையற்ற மின்சாரப் பலகையும் அதே தடைக்குள் அகப்பட்டுக்கொண்டது.

கம்பியில்லாக் கருவியால் இயக்கும் மின்சாரப் பலகையைக் கலிபோர்னியாவைச் சேர்ந்த லூயி பிங்கிள் 1997-இல் வெளியிட்டார். ஆனால் அந்நாளைய பலகைகள் ஈயப் பாட்டரியைச் சுமந்தன. இங்கு ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். சமதளத்தில் ஒரு மனிதரை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்லப் பலகைக்கு ஏறக்குறைய 10 வாட்-மணி ஆற்றல் செலவாகும். ஈயப் பாட்டரி, ஒரு கிலோ எடைக்கு 30 முதல் 40 வாட்-மணி வரையே சேமிக்கும். விரைந்து செலவழித்தால் அதையும் முழுமையாகத் தராது. ஆகவே போதிய பாட்டரி வைத்தால் பலகையின் எடை இருபது கிலோவை எட்டும். அரிசி மூட்டையைப் போன்ற ஒன்றைக் கக்கத்தில் இடுக்கி இரயிலேற யாரால் இயலும்?

இதற்கு விடை ஏற்கெனவே உருவாகியிருந்தது. ஜப்பானின் சோனி நிறுவனம் 1991-இல் லித்தியம்-அயனிப் பாட்டரியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அது கிலோவுக்கு 150 முதல் 250 வாட்-மணி வரை சேமிக்க வல்லதாக வளர்ந்தது. அதற்கு அடிகோலிய குட்இனஃப், விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. 1980-களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டறியப்பட்ட நியோடிமியம் காந்தமோ, மோட்டாரைக் கைப்பிடி அளவுக்குச் சுருக்கிற்று. கையடக்கத் தொலைபேசிக்காகவும் கணினிக்காகவும் உலகம் பெருக்கிய பொருள்கள், எதிர்பாராமல் பலகைக்கும் உதவின.

2012-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய இளைஞர் மூவர் ‘பூஸ்டட்’ என்னும் பலகையை வெளியிட்டனர். 100 வாட்-மணிக்குச் சற்றே குறைந்த பாட்டரியோடு ஏறக்குறைய பத்து கிலோமீட்டர் செல்லக்கூடியது அது. வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, ஓட்டத்தின் ஆற்றலில் ஒரு பகுதியைப் பாட்டரிக்குத் திருப்பித் தந்தது. மெர்லினுக்கு வாய்க்காத தடை விசை, பலகைக்கு வாய்த்துவிட்டது. ஜப்பானில் 2015-இல் மடிக்கணினி அளவே உள்ள ‘வாக்கார்’ என்னும் வண்டியும் காட்டப்பட்டது. பூஸ்டட் நிறுவனம் 2020-இல் மூடப்பட்டதாயினும், பிற நிறுவனங்கள் இத்தொழிலைத் தொடர்ந்தன.

இனி எஞ்சியது தெரு. கலிபோர்னியா தன் பழைய தடையை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து, 2016 ஜனவரி முதல் நாள் தளர்த்தியது. பதினாறு வயது நிரம்பியவர், தலைக்கவசம் அணிந்து, மணிக்கு 15 மைலுக்கு மேற்படாமல் மின்சாரப் பலகை ஓட்டலாம் என்பது புதிய விதி. நார்வே நாடோ 1978 முதல் 1989 வரை சாதாரணப் பலகையைக்கூட முற்றிலும் தடுத்து வைத்திருந்தது. பிரிட்டனில் நடைபாதையில் வண்டி செல்லலாகாது என்னும் 1835-ஆம் ஆண்டுச் சட்டமே இன்றும் மின்சாரப் பலகைக்குக் குறுக்கே நிற்கிறது. சிங்கப்பூர் முதலில் நடைபாதையில் இடமளித்துப் பார்த்தது. நடப்போர் மீது மோதும் விபத்துகள் பெருகவே, 2019 நவம்பரில் மின் ஸ்கூட்டர்களையும், அடுத்த ஆண்டில் மோட்டார் பொருத்திய பிற சிறு வண்டிகளையும் நடைபாதையிலிருந்து விலக்கிற்று. பாட்டரியாலும் தீங்கு நேர்ந்தது. தானே சமநிலை காக்கும் இருசக்கர ‘ஹோவர்போர்டுகள்’ தீப்பற்றியமையால், அமெரிக்காவில் 2016 ஜூலையில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டவை திரும்பப் பெறப்பட்டன.

இச்சட்டங்களைப் பழமைப்பற்று என்று ஒதுக்கிவிடுதல் தகாது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பலகை, காரின் முன்னே மிக மெலிந்தது; தள்ளாடி நடக்கும் முதியவரின் முன்னே மிக வலியது. சாலையில் விட்டால் ஓட்டுபவருக்கு ஆபத்து. நடைபாதையில் விட்டால் நடப்பவருக்கு ஆபத்து. இரண்டுக்கும் இடையில் சைக்கிளுக்கென்று தனிப்பாதை அமைத்த நகரங்களிலேதான் பலகைக்கு இடம் தேடுவது எளிதாகும். 1915-இன் ஆட்டோபெட்டைத் தடுத்ததும் பாதிக்குமேல் தெருதான் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

நம் நாட்டு நிலையை எண்ணிப் பார்ப்போம். இந்திய நகரங்களில் சக்கரப் பலகை கலிபோர்னியாவிலிருந்து வந்து சேர்ந்த புதுமையன்று. காலிழந்தவர்கள், பால்பேரிங் பொருத்திய தாழ்ந்த பலகையில் அமர்ந்து, இரு கைகளாலும் தரையை உந்தியபடி இரயில் நிலைய வாசல்களில் செல்வதை நாம் கண்டிருக்கிறோம். அங்கே விளையாட்டாகத் தொடங்கியது, இங்கே பிழைப்புக்கு வேண்டிய காலாயிற்று. நாம் எண்ணாமல் காலெடுத்து வைத்துக் கடக்கும் நான்கு அங்குல மேடு, அவர்களுக்குப் பலகையையும் உடலையும் தூக்கிக் கடக்க வேண்டிய மலை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொது இடங்களும் போக்குவரத்தும் அனைவரும் அணுகத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என்கிறது. 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பிலோ, வேளாண்மையும் வீட்டுத் தொழிலும் அல்லாத பிற வேலைகளில் உள்ளோருள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் நடந்தே வேலைக்குச் செல்வதாகக் காண்கிறோம்.

ஆகவே, நிலையத்திலிருந்து வீடு செல்லும் பாதையைப் பற்றிப் பேசும்போது, நடப்போரை முதலிலும், கையால் உந்திச் செல்வோரை அவர்களோடும், மின்சாரப் பலகையில் செல்வோரை அடுத்தும் வைத்து எண்ணுதலே முறை. உடைந்த கல் பெயர்ந்து கிடக்காத நடைபாதையும், சரிவாக இறங்கும் விளிம்பும், சைக்கிளுக்கு ஒரு தனிப்பாதையும் அமைந்துவிட்டால், இம்மூவருக்கும் வழி கிடைக்கும். அவை அமையாதவரை, மிகச் சிறந்த பாட்டரியும் மோட்டாரும் நம் கக்கத்திலேயே இருக்க வேண்டியதுதான். காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவனின் தேருக்குக் குறுக்கே கிடந்தது ஒரு பொற்குழை. அதனை எடுத்து ஓரமாக வைத்தால் தேர் மீண்டும் உருண்டிருக்கும். நம் தெருக்களில் எடுத்து ஓரம் வைக்க வேண்டியவை பொன்னல்ல. எண்ணிக்கையில் மட்டும் மிகப் பல.