பொம்மையைப் பார்த்துச் செய்த கார்

1968-இல் அமெரிக்காவின் மோனோகிராம் நிறுவனம் ஒரு பிளாஸ்டிக் காரைத் துண்டு துண்டாகப் பெட்டியில் அடைத்துக் கடைகளுக்கு அனுப்பியது. பெயர் ‘ரெட் பேரன்’. முதல் உலகப் போரில் எதிரி விமானங்களை வரிசையாக வீழ்த்திய ஜெர்மன் விமானி மான்ஃப்ரெட் ஃபான் ரிக்டோஃபனுக்கு வழங்கிய பட்டப்பெயர் அது. அந்தக் காருக்குக் கூரையாக இருந்தது பளபளக்கும் ஒரு ராட்சத ராணுவத் தலைக்கவசம். முன்னால் பழைய போர் விமானத்தின் ஆறு சிலிண்டர் எஞ்சின். அதையொட்டி இயந்திரத் துப்பாக்கிகள். வரைந்தவர் டாம் டேனியல். அவர் வரைந்த நாளில் அப்படி ஒரு கார் உலகில் எந்தத் தெருவிலும் ஓடியதில்லை. பசைக் குழாயும் சின்னத் தூரிகையுமாக உட்கார்ந்த பிள்ளைகளின் மேசைகளில்தான் அது முதலில் பிறந்தது.

டெட்ராய்ட்டில் கார் கண்காட்சிகள் நடத்திவந்த பாப் லாரிவீ அந்தப் பொம்மையைப் பார்த்தார். முழு அளவில், எஞ்சினோடு, ஒரு நிஜ ரெட் பேரன் தனக்கு வேண்டும் என்று முடிவுசெய்தார். வேலையை அதே ஊரின் சக் மில்லரிடம் ஒப்படைத்தார். 1969-இல் கார் தயார். முதல் உலகப் போர்க் கால விமான எஞ்சினுக்கு எங்கே போவது? போன்டியாக் நிறுவனத்தின் ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தினார் மில்லர். கேம் ஷாஃப்ட் மேலே அமைந்த எஞ்சின் அது. நீளவாக்கில் நிமிர்ந்து நிற்கும் அதன் தோற்றம் டேனியலின் படத்துக்கு நன்றாகவே ஒத்துப்போனது.

வழக்கமாக நடப்பது இதற்கு நேர்மாறு. தொழிற்சாலை காரைச் செய்யும். பொம்மைக்காரர் அதை அளந்து சுருக்குவார். இங்கே பொம்மையை அளந்து காரைப் பெருக்கினார்கள். வீட்டு அலமாரியில் தான் ஒட்டி வைத்த பொம்மை, கண்காட்சி அரங்கில் ஆளுயரத்துக்கு நிற்பதைப் பார்க்க டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தான் சிறுவன். மாதிரி கார் கலைக்கு இதைவிடப் பெரிய மரியாதையை எந்தக் கண்காட்சிக்காரரும் செய்ததாகச் சொல்ல முடியாது.

இது டெட்ராய்ட்டில் நடந்ததில் வியப்பில்லை. கார்களின் தலைநகரான அந்த ஊரும் அதன் சுற்றுவட்டாரமும் பிளாஸ்டிக் கார்களுக்கும் தலைநகர். ஏஎம்டி நிறுவனம் அங்கே 1948-இல் தொடங்கியது. விற்பனையகங்களில் புதுக் கார் வாங்க வருபவர்களுக்குக் காட்டவும் கொடுக்கவும் அதே காரின் சின்ன வடிவங்களைச் செய்து தருவதுதான் அதன் முதல் வியாபாரம். அப்பா விலை பேசி முடிப்பதற்குள் மகனுக்கு ஒரு கார் சொந்தமாகியிருக்கும். ஜோஹான் நிறுவனமும் டெட்ராய்ட்தான். ஏஎம்டியில் இருந்து வெளியேறிய ஜார்ஜ் டோடெஃப் 1960-களில் மவுண்ட் கிளெமன்ஸில் எம்பிசியைத் தொடங்கினார். நிஜக் காரின் வரைபடம் வரையப்படும் ஊரிலேயே பொம்மையின் அச்சும் வெட்டப்பட்டது.

1958-இல் ஏஎம்டி ஒரு காரியம் செய்தது. ஒரே பெட்டியில் ஒரு காரை மூன்று விதமாகச் செய்யத் தேவையான பாகங்களை வைத்தது. தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே செய்யலாம், பந்தயக் காராக்கலாம், அல்லது இஷ்டத்துக்கு மாற்றியமைத்த ‘கஸ்டம்’ காராக்கலாம். அளவு பெரும்பாலும் 25-இல் 1. ஒரு காரைச் செய்து முடித்ததும் மற்ற இரண்டு வகைகளுக்கான பாகங்கள் மிஞ்சும். பிள்ளைகள் அவற்றை எறியவில்லை. ஒரு பெட்டியின் எஞ்சினை இன்னொரு பெட்டியின் உடலில் வைத்தார்கள்; நண்பனிடம் சக்கரத்தைக் கொடுத்து பம்பரை வாங்கினார்கள்; கூரையை அறுத்துத் தாழ்த்தினார்கள். அடுத்த தெருவின் பட்டறையில் பெரியவர்கள் பற்றவைப்புக் கருவியோடு செய்துகொண்டிருந்ததும் இதே வேலைதான். மிச்சப் பாகங்கள் நிறைந்த அந்தச் செருப்புப் பெட்டி ஒரு தலைமுறைக்குத் தொழிற்பயிற்சிக் கூடமாக இருந்தது.

பெரிய கம்பெனிகளும் இதை அறிந்திருந்தன. ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு 1930 முதல் 1968 வரை இளைஞர்களுக்கான மாதிரிப் போட்டியை நடத்திக் கல்வி உதவித்தொகை கொடுத்தது. 1947-இல் அதில் வென்ற சக் ஜோர்டன் பின்னாளில் அதே ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் துறைக்கே தலைவரானார். ஆனால் அது ஆள் எடுக்கும் வழி. மரத்தைச் செதுக்கி, சொந்த வடிவத்தைப் படைக்கும் தீவிரமான போட்டி. கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பெட்டியோடு வரும் சாதாரணச் சிறுவனுக்கு அங்கே இடமில்லை.

அவனுக்கு இடம் கிடைத்தது கார் கண்காட்சிகளில்.

டெட்ராய்ட்டின் ‘ஆட்டோரமா’ 1953-இல் தொடங்கியது. பழைய ஃபோர்டு வண்டிகளில் பெரிய எஞ்சின் ஏற்றி ‘ஹாட் ராட்’ ஓட்டிய இளைஞர்கள் மிச்சிகன் ஹாட் ராட் சங்கம் என்று கூடியிருந்தார்கள். தெருவில் பந்தயம் விட்டுப் போலீஸிடம் மாட்டுவதற்குப் பதில் முறையான பந்தயத் தடம் ஒன்று வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். அதற்காகத்தான் கண்காட்சி. அந்த வட்டத்தில் இருந்து வந்தவர் லாரிவீ. ‘ப்ரமோஷன்ஸ் இன்கார்ப்பரேட்டட்’ என்ற நிறுவனத்தின் வழியாக இந்தக் கண்காட்சியை ஊர் ஊராகக் கொண்டுபோனார். 1963-இல் ஐஎஸ்சிஏ எனும் சர்வதேச கண்காட்சிக் கார் சங்கம் உருவானது. எந்த ஊரில் காட்டினாலும் ஒரே விதியில் மதிப்பெண் என்ற ஒழுங்கு வந்தது.

கண்காட்சிகள் பெரும்பாலும் குளிர்காலத்தில் நடப்பவை. பனியும் உப்பும் கிடக்கும் சாலையில் எவரும் மெருகேற்றிய காரை எடுப்பதில்லை. அதனால் கார்கள் அரங்குக்குள் வரும். வெளியே விளையாட முடியாத பிள்ளைகள் வீட்டுக்குள் மாதிரி கார் ஒட்டும் பருவமும் அதுவே. ஆட்டோரமாக்களில் மாதிரி கார்களுக்கென்று போட்டி மேசைகள் போடப்பட்டன. பெரிய கார்களை மதிப்பிட்ட அதே கண்களால் நடுவர்கள் அங்கேயும் குனிந்து பார்ப்பார்கள். பசைக் கறையோ விரல் ரேகையோ இருக்கிறதா, அச்சுக் கோடு தேய்க்கப்பட்டிருக்கிறதா, பெயின்ட் வழிந்திருக்கிறதா, எஞ்சினில் நூல் கொண்டு வயரிங் செய்திருக்கிறானா. கார் ஓட்டும் வயது வராத ஒருவனைக் கார் உலகம் சமமாக நடத்திய ஒரே இடம் அந்த மேசை. அதை வெறும் விளம்பர உத்தி என்று ஒதுக்குவது அநியாயம்.

மேசைக்கும் அரங்குக்கும் இடையே போக்குவரத்து இரு திசையிலும் நடந்தது. கண்காட்சியில் இருந்து பெட்டிக்குப் போனதற்கு ‘டியோரா’ நல்ல உதாரணம். டாட்ஜ் ஏ100 என்ற சிறு சரக்கு வண்டியை, ஹாரி பிராட்லியின் வரைபடத்தை வைத்து, டெட்ராய்ட்டின் அலெக்ஸாண்டர் சகோதரர்கள் மாற்றியமைத்தார்கள். பக்கவாட்டில் கதவே கிடையாது. முன்கண்ணாடியை மேலே தூக்கி, முகப்பைத் திறந்து ஏற வேண்டும். அந்த முன்கண்ணாடி உண்மையில் 1960-ஆம் ஆண்டு ஃபோர்டு ஸ்டேஷன் வேகனின் பின்கண்ணாடி! ஆட்டோரமாவின் தொடக்க கால ஏற்பாட்டாளர் டான் ரிட்லரின் நினைவாக 1964 முதல் வழங்கப்படும் ரிட்லர் விருதை 1967-இல் டியோரா வென்றது. ஏஎம்டி அதைப் பெட்டியில் போட்டது. பிராட்லி மேட்டல் நிறுவனத்தில் சேர்ந்தார். 1968-இல் மேட்டல் வெளியிட்ட முதல் 16 ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்களில் டியோராவும் ஒன்று. ரெட் பேரனும் 1970-இல் ஹாட் வீல்ஸ் ஆனது. இன்று உலகம் முழுக்கக் குழந்தைகளின் சட்டைப் பையில் கிடக்கும் அந்தச் சின்னக் கார்களின் வம்சாவளியில் டெட்ராய்ட் அரங்குக்கும் பங்குண்டு.

கண்காட்சியையும் மாதிரி காரையும் இணைத்தவர் லாரிவீ மட்டும் இல்லை. கான்சாஸ் மாநிலத்தின் விச்சிடாவில் பட்டறை வைத்திருந்த டேரல் ஸ்டார்பேர்டு 1957-இல் தன் முதல் கண்காட்சியை நடத்தினார். தண்டர்பேர்டு காருக்குக் குமிழி போன்ற கண்ணாடிக் கூரை போட்டு அவர் செய்த ‘பிரெடிக்டா’வை மோனோகிராம் 1964-இல் மாதிரி காராக வெளியிட்டது, அந்த நிறுவனத்துக்கு அவர் ஆலோசகராகவும் இருந்தார். ஆனால் ஸ்டார்பேர்டு அடிப்படையில் கார் செய்பவர். தன் கார் பொம்மையாவது அவருக்குக் கிடைத்த பெருமை. லாரிவீயோ வேறொருவரின் பொம்மைக்குப் பணம் போட்டு உயிர் கொடுத்தவர். இருவரில் மாதிரி காரை அதிகம் நம்பியவர் லாரிவீ என்றே சொல்ல வேண்டும்.

1970-களின் தொடக்கத்தில் இந்த விளையாட்டு இன்னும் ஒரு படி போனது. ‘ஸிங்கர்ஸ்’ என்ற வரிசையில் சின்னஞ்சிறு உடலுக்கு அதைவிடப் பெரிய எஞ்சினைப் பொருத்தினார்கள். எம்பிசி அவற்றைப் பெட்டிகளில் விற்றது. கண்காட்சிகளில் அவையே முழு எஞ்சினோடு நின்றன. வெவ்வேறு பெட்டிகளின் பாகங்களைக் கலந்து ஒட்டும் சிறுவனின் கற்பனையை அப்படியே இரும்பில் வார்த்ததுபோல இருந்தன அந்தக் கார்கள்.

டெட்ராய்ட் ஆட்டோரமா இன்றும் நடக்கிறது. 1961 முதல் அது கூடிவரும் கோபோ ஹாலுக்கு இப்போது ஹண்டிங்டன் பிளேஸ் என்று பெயர். ரிட்லர் விருதின் பரிசு 10,000 டாலர். அதற்கு நிற்கும் கார் அதற்கு முன் எங்கும் காட்டப்பட்டிருக்கக் கூடாது. ஏஎம்டி, எம்பிசி பெயர்கள் இன்டியானாவின் சவுத் பெண்ட் நகரில் உள்ள ரவுண்ட் 2 நிறுவனத்தின் கைக்கு வந்துவிட்டன. பழைய அச்சுகளில் பலவற்றை அது மறுபடியும் வார்த்து விற்கிறது. பழைய பெட்டிப் படங்களோடு வரும் அவற்றை வாங்குபவர்களில் பலர் அன்று அந்த மேசைக்குத் தங்கள் காரைத் தூக்கிவந்தவர்கள். இப்போது பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒட்டுகிறார்கள்.