ஸ்பானிய எதிர்கால வினை: விகுதியா, துணைவினையா?

ஏ, ஆஸ், ஆ, ஏமோஸ், ஏய்ஸ், ஆன். ஸ்பானியப் பாடநூல்கள் எதிர்காலத்துக்கு இந்த ஆறு விகுதிகளைப் பட்டியலிட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ஆனால் இவை விகுதிகளாகப் பிறந்தவை அல்ல. ஒரு துணைவினை தேய்ந்து ஒட்டிக்கொண்டதன் எச்சம். அந்த வரலாற்றோடு கற்பித்தால்தான் இக்காலத்தின் ஒழுங்கும் விதிவிலக்கும் விளங்கும்.

நிகழ்காலத்தில் அர், எர், இர் என முடியும் மூவகை வினைகளும் ஈற்றை இழந்து வெவ்வேறு விகுதி ஏற்கும். எதிர்காலத்தில் எதையும் வெட்டுவதில்லை. 'நேசி' எனப் பொருள்படும் 'அமர்' அகராதி வடிவிலேயே நிற்க, அதன் மெய்யீற்றின்மேல் உயிர் ஏறுகிறது: அமரே (நேசிப்பேன்), அமராஸ், அமரா, அமரேமோஸ், அமரேய்ஸ், அமரான். உண்ணலைக் குறிக்கும் 'கொமெர்' கொமெரே ஆகும். வாழ்தலைக் குறிக்கும் 'விவிர்' விவிரே ஆகும். மூவகைக்கும் ஒரே வாய்பாடு.

'அபெர்' என்னும் துணைவினையின் நிகழ்காலத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குட்டு உடைகிறது: ஏ, ஆஸ், ஆ, ஏமோஸ், அபேய்ஸ், ஆன். ஐந்து அப்படியே பொருந்துகின்றன. எஞ்சிய 'அபேய்ஸ்' மட்டும் தலையை இழந்து 'ஏய்ஸ்' ஆயிற்று. (லத்தீன் அமெரிக்காவில் அந்த முன்னிலைப் பன்மை பேச்சில் இல்லாததால் அங்கே மாணவருக்கு ஐந்தே போதும்.)

ஸ்பானியத்தின் தாய்மொழியான லத்தீனில் 'நேசிப்பான்' என்பது அமாபித். 'நேசித்தான்' என்பது அமாவித். உயிர்களுக்கு இடையில் இவ்விரு மெய்களின் ஒலிப்பும் ஒன்றாகிவிடவே, எதிர்காலமும் இறந்தகாலமும் காதுக்கு வேறுபடாமல் போயின. மக்கள் பேச்சு 'நேசிக்க வேண்டியிருக்கிறது' என்பதுபோன்ற கூட்டுவினையை நாடியதற்கு இது ஒரு காரணம். ஃபிரெடெகார் பெயரில் வழங்கும் 7-ஆம் நூற்றாண்டு வரலாற்று நூலில் 'தருவாய்' என்ற பொருளில் 'தாராஸ்' வருகிறது. இணைந்த வடிவத்துக்கு மிகப் பழைய சான்றாக அறிஞர் காட்டுவது இதைத்தான்.

ஸ்பெயினில் அந்த ஒட்டு நெடுங்காலம் இறுகவில்லை. எல் சித் காவியத்தின் மொழியில் 'தர்', 'ஏ' இரண்டுக்கும் நடுவே 'உனக்கு' எனும் பிரதிப்பெயர் புகுந்து 'தர்-தே-ஏ' என நிற்க முடிந்தது. உண்மையான விகுதிக்கு முன் இப்படி ஒரு சொல் நுழைய இயலாது. போர்த்துக்கீசியரின் செம்மையான எழுத்துநடையில் இந்தப் பிளவு இன்றும் உண்டு. 1492-இல் முதல் ஸ்பானிய இலக்கணம் எழுதிய நெப்ரிஹாவும் இதைக் கூட்டுவடிவமாகவே கண்டார்.

இன்றைய ஸ்பானியர் யாரும் இதைப் பிரித்து உணர்வதில்லையே என்று மறுக்கலாம். உண்மைதான். ஆனால் சுமார் 12 வினைகளின் விதிவிலக்கைப் பாருங்கள். 'வா' எனப் பொருள்படும் 'வெனிர்', வெனிரே ஆகாமல் 'வெந்த்ரே' ஆகிறது. அழுத்தம் ஈற்றுக்குப் போனதால் நடு உயிர் உதிர்ந்தது; நெருங்கிய இரு மெய்களுக்கும் இடையில் தகரம் தோன்றியது. சிதைவெல்லாம் முன்பாதியில்தான், பின்பாதியான துணைவினை எந்த வினையிலும் மாறுவதில்லை. 'நேசிப்பேன்' என்பதை நிபந்தனை வடிவாக்கவும் அதே அமர், அதே துணைவினையின் இறந்தகால வடிவத்தின் எச்சத்தை ஏற்கிறது: அமரீயா.