அச்சத்திலிருந்து நம்பிக்கைக்கு: பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பக்தி வரலாற்றில் ஒரு பாடம்

தேவபயத்திலேயே ஞானம் தொடங்குகிறது என்று வேதம் போதிக்கிறது. அன்பு நிறைவடையும்போது அச்சம் அகன்றுவிடும் என்றும் அதே வேதம் கூறுகிறது (1 யோவான் 4:18). இவ்விரண்டையும் ஒருங்கே பற்றிக்கொள்வது திருச்சபைக்கு எக்காலத்திலும் எளிதாயிருந்ததில்லை. அச்சத்திலிருந்து விடுதலை என்றவுடன் நாம் லுத்தரையே நினைக்கிறோம். 1505-ஆம் ஆண்டு இடிமழையில் நடுங்கித் துறவறம் நேர்ந்துகொண்ட அவ்விளைஞர், கிருபையுள்ள தேவனைக் கண்டடைந்த வரலாறு நம் மாணவர் யாவரும் அறிந்ததே. ஆனால் அதே போராட்டம் ரோமன் கத்தோலிக்கத் திருச்சபைக்குள்ளும் நெடுங்காலம் நிகழ்ந்தது என்பதை நம்மில் பலர் அறியோம். பிரெஞ்சு மொழி வழங்கிய நாடுகளில் அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை இங்கே ஆராய்வோம்.

பாரிஸ் மாணவர்

1567-இல் சவோய் நாட்டில் பிறந்த பிரான்சிஸ் சலேசியார், பாரிஸ் நகரில் இயேசு சபையாரின் கல்லூரியில் பயின்றார். முன்குறித்தலைப் பற்றிய இறையியல் வாதங்கள் அங்கே மும்முரமாய் நடந்த காலம் அது. 1586-ஆம் ஆண்டின் இறுதியில், தாம் நரகத்திற்கென்று குறிக்கப்பட்டவரோ என்னும் அச்சம் அவரைப் பற்றிக்கொண்டது. ஏறக்குறைய ஆறு வாரங்கள் உணவும் உறக்கமுமின்றி வாடினார். இறுதியில், மறுமையில் தமக்கு நேரிடுவது எதுவாயினும், இம்மையிலாவது தேவனை முழு இருதயத்தோடும் நேசிப்பதென்று தீர்மானித்து, ஓர் ஆலயத்தில் மரியாளின் சுரூபத்திற்கு முன்பாக ஜெபித்தபோது அச்சம் நீங்கிற்று. அவர் ஜெபித்த முறையை நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும் தம் முடிவைத் துருவி ஆராய்வதை விட்டுத் தம்மைத் தேவனிடம் ஒப்புவித்தபோதே அவருக்குச் சமாதானம் உண்டாயிற்று என்பதை மறுக்கவும் இயலாது.

பிற்காலத்தில் அவர் ஜெனீவாவின் கத்தோலிக்கப் பேராயராகி, அந்நகரில் குடியிருக்கக் கூடாமல் ஆனசியிலிருந்து ஊழியஞ்செய்தார். நம் சீர்திருத்தச் சபையாரைக் கத்தோலிக்க மார்க்கத்திற்குத் திருப்ப உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். 1609-இல் வெளியான தமது பக்தி நூலில், பலமுள்ளோர் பலவீனராகாதபடியும், பலவீனர் பலமடையும்படியும் அடிக்கடி நற்கருணை பெறுவது தகும் என்று அவர் போதித்தார்.

தகுதியைப் பற்றிய அச்சம்

இப்போதனை எதிர்ப்பின்றி நிலைபெறவில்லை. ஈப்பர் நகரப் பேராயர் ஜான்சேனியுஸ், அகுஸ்தீனைப் பற்றி எழுதிய பெருநூல் அவரது மரணத்திற்குப்பின் 1640-இல் வெளிவந்தது. அவரது கருத்துகளைத் தழுவிய ஆண்டுவான் ஆர்னோ, 1643-இல் அடிக்கடி நற்கருணை பெறுவதைக் குறித்து ஒரு நூலை வெளியிட்டார். பாவத்தில் விழுந்தோர் நீண்ட மனஸ்தாபத்திற்குப் பின்னரே திருப்பந்தியை அணுகவேண்டும் என்பதே அவரது வாதம். போர்-ரோயல் மடத்தைச் சார்ந்த பக்தர் இதனைப் பெரிதும் போற்றினர். நாளடைவில், பந்தியை விட்டு விலகியிருத்தலே ஆழ்ந்த பக்தி என்ற எண்ணம் பலரிடையே பரவிற்று.

இங்கே நாம் நிதானித்துச் சிந்திக்க வேண்டும். ஜான்சேனியர் மனிதனின் சொந்த நற்கிரியையை உயர்த்தியவரல்லர். நம் சீர்திருத்தவாதிகளைப் போலவே அகுஸ்தீனைப் பின்பற்றித் தேவகிருபையின் முதன்மையை வலியுறுத்தியவர்கள். அவ்வாறிருந்தும் அச்சம் பெருகியது ஏன்? கிருபை தரப்பட்டதோ இல்லையோ என்று ஒவ்வொருவரும் தம் உள்ளத்தையே துருவிப் பார்க்கத் தொடங்கியதால் அன்றோ? கிருபையைக் குறித்த சரியான உபதேசமும், நோக்கு கிறிஸ்துவை விட்டுத் தன்மேல் திரும்பும்போது, பாரமாய் மாறிவிடுகிறது.

லிசியே மடத்தின் இளம் கன்னியர்

ஜான்சேனியம் கண்டிக்கப்பட்டு, 1709-இல் போர்-ரோயல் கன்னியர் கலைக்கப்பட்ட பின்னரும் அந்தக் கண்டிப்பு பிரெஞ்சுப் பக்தியில் நீடித்தது. 1873-இல் பிறந்த தெரேசா மார்த்தேன் இச்சூழலில் வளர்ந்தவர். சிறுவயதில் அற்பக் காரியங்களையும் பாவமென்றெண்ணி ஒன்றரை ஆண்டளவு மனச்சாட்சி நோயால் வருந்தினார். 1888-இல், பதினைந்து வயதில், லிசியே நகரின் கர்மேல் மடத்தில் சேர்ந்தார். தேவநீதிக்குத் தம்மைப் பலியாக ஒப்புவிக்கும் வழக்கம் அக்காலக் கன்னியரிடையே இருந்தது. தெரேசாவோ, 1895 ஜூன் 9 அன்று, தேவனின் இரக்கமுள்ள அன்பிற்கே தம்மை ஒப்புவித்தார். தமது கிரியைகளைக் கணக்கிட வேண்டாமென்று வேண்டி, வெறுங்கையோடு தேவசந்நிதியில் நிற்கவே விரும்புவதாக அந்த ஜெபத்தில் எழுதினார். இது சீர்திருத்த இறையியலுக்கு எவ்வளவு அணித்தானது என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

அந்த நம்பிக்கை சுகவாழ்வில் விளைந்ததன்று. 1896-இல் காசநோயின் முதல் அறிகுறி தோன்றியதோடு விசுவாச இருளும் அவரைச் சூழ்ந்தது. அதனைத் தேவகோபமென்று அவர் எண்ணவில்லை. அவிசுவாசிகளின் மேசையில் அவர்களோடமர்ந்து துயர அப்பத்தை உண்பதாகவே விவரித்தார். 1897 செப்டம்பர் 30 அன்று, இருபத்துநான்கு வயதில், அவர் காலமானார். 1905-இல் பத்தாம் பத்திநாதரின் ஆணை, நல்லெண்ணத்தோடு வரும் விசுவாசிகளுக்கு அனுதின நற்கருணையைத் திறந்துவிட்டது. 1997-இல் தெரேசா திருச்சபையின் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்டார். நம்பிக்கையே வழி என்னும் அவரது போதனையைக் குறித்துப் போப் பிரான்சிஸ் 2023-இல் ஒரு நிருபம் வெளியிட்டார்.

நமக்குரிய பாடம்

இவ்வரலாறு பிறருடையது என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. ஸ்காட்லாந்தின் மலைநாட்டுச் சபைகளில் பக்திமிக்கோர் பலரும் தகுதியின்மைக்கு அஞ்சித் திருவிருந்தை அணுகாதிருந்தனர். நம் தமிழ்ச் சபைகளிலோ, பிரசங்கம் முடிந்தவுடன் எழுந்து வெளியேறுவோர் உண்டு. காரணம் கேட்டால் 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்தைக் காட்டுவர். ஆனால் பவுல் அங்கே கண்டித்தது, ஏழைகள் பசியாயிருக்கச் செல்வர் தாமே உண்டு வெறித்த நடத்தையை. அவர் பேசுவது உண்ணும் முறையைக் குறித்தே. உண்பவர் எவரும் தம்மில் தகுதியுடையவர் என்று அவர் கூறவில்லை. நம்மை நாமே சோதித்தறிய வேண்டியது மெய். ஆயின் சோதித்தறிந்தபின் புசிக்கவேண்டும் என்பதே அப்போஸ்தலன் இட்ட கட்டளை.

ஆகவே, போதகர்களாகிய நாம் பந்தியின் பரிசுத்தத்தைக் காக்கும் நோக்கில், நொறுங்குண்டவர்களுக்கு வாசலை அடைத்துவிடாதிருப்போமாக. வெறுங்கையோடு வருகிறவர்களுக்காகவே அப்பந்தி ஆயத்தமாக்கப்பட்டிருக்கிறது. வெளியே செல்ல எழுந்திருக்கும் சகோதரனை அழைத்து உட்காரச் செய்வதும் நமது ஊழியமே.