குமரி என்று பெயர், படத்தில் மலை

ஆடி பிறந்துவிட்டால் சாம்பவர்வடகரை, சுந்தரபாண்டியபுரம், ஆய்குடிப் பக்கத்துச் சாலையோரங்களில் கேரளப் பதிவெண் கார்கள் வரிசை கட்டும். மலைக்கு அந்தப் பக்கம் கர்க்கடக மாதம், அடைமழை. ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டிச் செங்கோட்டையில் இறங்கும்போது அந்த மழை சாரலாக மெலிந்துவிடும். தென்காசிக்குக் கிழக்கே வந்தால் ஈரம் கழன்று வெறும் காற்று. அந்தக் காற்றுக்குத் தலையாட்டிக்கொண்டு சூரியகாந்தி நிற்கும். அதைப் படம் பிடிக்கத்தான் இத்தனை கார்.

படம் எடுப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. சூரியனோடு சேர்ந்து திரும்புவதெல்லாம் இளம் மொட்டு. முற்றி மலர்ந்த பூ கிழக்கைப் பார்த்தபடியே நின்றுவிடும். மலையோ மேற்கே. பூவின் முகமும் பின்னால் மலையும் ஒரே படத்தில் விழ வேண்டுமானால், காலையில் வந்து சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். வழியில் புரோட்டா தின்று, குற்றாலத்தில் குளித்துவிட்டு, நாலு மணிக்குச் சாவகாசமாக வந்து சேருகிறவருக்கு நிழலடித்த பூவும் கறுத்த மலைச் சுவரும்தான் கிடைக்கும். விவசாயிக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. எண்ணெய் வித்துக்காகப் போட்ட பயிர் அது. ஏற்கெனவே கிளித் தொல்லை. இப்போது செல்ஃபிக்காரர்கள் காலில் மிதிபடுவது வேறு. வரப்பில் கயிறு கட்டி ஆளுக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறவர்கள் உண்டு. வாங்கட்டும், மிதிபடுவது அவர்கள் செடிதானே.

எந்தச் சாலை, எந்த ஊரில் தங்கல் என்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்தப் பக்கம் படத்துக்காக வருகிறவர் முதலில் மாதத்தையும் பிறகு மணியையும் தீர்மானிக்க வேண்டும். கேமரா என்ற சாமான் பிறப்பதற்கு முன்பே இந்த நிபந்தனை இருந்திருக்கிறது.

ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய அண்ணன் மகன் வில்லியமும் படம் வரையத் தெற்கே புறப்பட்டது 1792இல். தாமஸ் இளமையில் கோச்சு வண்டிகளுக்குச் சித்திரம் எழுதும் தொழில் பழகியவர். அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தார். வில்லியத்துக்கு இருபத்து மூன்று வயது. 1785இல் பதினாறு வயதுப் பையனாகச் சித்தப்பாவோடு இங்கிலாந்திலிருந்து கப்பலேறியவன். கல்கத்தாவில் இருந்துகொண்டு வட இந்தியாவைச் சுற்றி வரைந்தாயிற்று. கையில் காசில்லை. தீட்டிய ஓவியங்களைக் குலுக்கலில் விட்டார்கள். வந்த பணம் தென்னாட்டுப் பயணத்துக்கு ஆயிற்று.

அந்த மார்ச் மாதம்தான் திப்பு சுல்தானுடனான மூன்றாம் மைசூர்ப் போர் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு ஓய்ந்திருந்தது. போர்ச் செய்தி படித்தவர்களுக்கு அந்த மலைக்கோட்டைகளைக் கண்ணால் பார்க்கும் ஆசை இருக்கும், படம் விலைபோகும் என்று டேனியல்கள் கணக்குப் போட்டார்கள். ஏப்ரலில் மதராஸை விட்டுக் கிளம்பினார்கள். பல்லக்கு, குதிரை, மாட்டு வண்டி, தூக்கவும் ஓட்டவும் சமைக்கவும் ஒரு பட்டாளம். பாராமகால் கோட்டைகள், திருச்சி மலை, மதுரையில் திருமலை நாயக்கர் அரண்மனை என்று வரைந்துகொண்டே திருநெல்வேலிச் சீமைக்குள் இறங்கினார்கள்.

அவர்கள் மூட்டையில் ஒரு பெட்டியும் இருந்தது. கேமரா அப்ஸ்க்யூரா என்பார்கள். இருட்டறை என்று பொருள். முன்னால் ஒரு வில்லை, உள்ளே சாய்த்து வைத்த கண்ணாடி. வெளியே நிற்கும் மலையும் மரமும் உள்ளே தாளின் மேல் வந்து விழும். தலைக்கு மேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, விழுந்த உருவத்தின் விளிம்பைப் பென்சிலால் ஒற்றியெடுக்க வேண்டும். காற்றில் துணி பறந்தால் வெளிச்சம் புகுந்து உருவம் கரைந்துவிடும். மேகம் மறைத்தால் தாள் மங்கிவிடும். சாரல் காலத்தில் தென்காசிப் பக்கம் நின்று பார்த்தவர்களுக்கு இந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டுவது என்ன பாடு என்று சொல்லாமலே தெரியும். படத்தைப் பிடித்து வைக்க ரசாயனம் இல்லை என்ற ஒரு குறையைத் தவிர, அது கேமராதான்.

பாபநாசத்தில் தாமிரபரணி மலையை விட்டு விழும் அருவியை வரைந்தார்கள். பின்னால் 'ஓரியன்டல் சீனரி' என்ற பெயரில் 1795 முதல் 1808 வரை லண்டனில் அவர்கள் வெளியிட்ட 144 அச்சுப் படங்களில் அந்த அருவியும் ஒன்று. செம்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து, அச்சடித்து, கையால் வண்ணம் பூசிய படங்கள். பார்த்த அருவி அப்படியே இருக்கவில்லை. 1880களில் ஹார்வி சகோதரர்கள் அந்த நீர்விசையை நம்பிப் பஞ்சாலை கட்டினார்கள். 1944இல் நீர்மின் நிலையம் வந்தது. எவ்வளவு தண்ணீர் இறங்கலாம் என்பதில் இன்றைக்கு மழையோடு அணைக்கும் பங்கு உண்டு.

அதே வரிசையில் இன்னொரு படத்துக்குக் 'கன்னியாகுமரி, களக்காட்டுக்கு அருகிலிருந்து' என்ற பொருளில் தலைப்பு. குமரி என்றதும் கடலைத் தேடுகிறோம். படத்தை நிறைத்து நிற்பதோ மலை. வடக்கேயிருந்து இறங்கி வரும் மலைத்தொடர் குமரிக்கு முன்னால் கடைசியாக ஒருமுறை எழும்பி நிற்கிற இடம் அது. லண்டன் வாசகருக்குக் களக்காடு என்றால் யாருக்குத் தெரியும்? வரைபடத்தின் நுனியில் இருக்கும் பெயரைப் போட்டால் சந்தையில் எடுபடும். நம்மூரில் மலையடிவாரத்து விடுதிக்கெல்லாம் 'குற்றாலம்' என்று பலகை மாட்டுவது இதற்குத் தூரத்துச் சொந்தம்.

வில்லியம் ஊர் திரும்பி இருபது வருஷம் கழித்துச் செய்தது இன்னும் சுவாரசியம். பிரிட்டன் தீவின் கரையை முழுக்கச் சுற்றி வரைவது என்று முடிவெடுத்து, 1813இல் லாண்ட்ஸ் எண்ட் முனையில் தொடங்கினார். எழுதுவதற்கு ரிச்சர்டு அய்ட்டன் கூட வந்தார். இரண்டு தொகுதியோடு கழன்றுகொண்டார். ஒரே மூச்சில் முடிகிற காரியமா அது? தவணை தவணையாகப் போய் வந்து, 1814 முதல் 1825 வரை எட்டுத் தொகுதிகளில் 308 படங்கள். புத்தகத்தின் பெயர் கடற்பயணம் என்றாலும் பெரும்பகுதி தரைவழியாகத்தான் போனார்கள். கரையோரத்தில் சிறு படகை நம்பிப் போவது ஆபத்து. கரையின் மேலே நின்றால் கையும் ஆடாது. கடற்கரையோரமாகப் படத்துக்காகவே ஊர் ஊராகப் போவது என்ற யோசனைக்கு இதைவிடப் பெரிய முன்னோடியைக் காட்டுவது கடினம். அந்தக் கைக்குப் பழக்கம் ஏற்பட்ட இடங்களில் பாபநாசமும் களக்காடும் உண்டு.

உண்மையான கேமரா தெற்கே வந்தபோது மதுரையோடு நின்றுவிட்டது. லின்னேயஸ் ட்ரைப், மதராஸ் அரசின் புகைப்படக்காரர், 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் சாமான் ஏற்றிக் கிளம்பினார். ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர். மழை ஓய்ந்த மாதங்களாகப் பார்த்துத்தான் வழி போட்டிருக்கிறார். மெழுகு ஏற்றிய பெரிய தாள்களில் நெகட்டிவ். ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் வெளிச்சம் காட்ட வேண்டும். தஞ்சைக் கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 துண்டாக எடுத்து ஒட்டிப் பத்தொன்பது அடி நீளத்துக்குச் செய்த படம் இன்றும் வாயைப் பிளக்க வைக்கும்.

ட்ரைப் குற்றாலம் வரை வந்திருந்தால்? அன்றைய ரசாயனத்துக்கு நீல நிறம்தான் உடனே பிடிபடும். பச்சை கறுத்துப்போகும், வானம் வெள்ளைத் தாளாக வெளிறிவிடும். வெளிறிய வானத்தில் ட்ரைப் நெகட்டிவ் மீதே தூரிகையால் மேகம் எழுதினார். மேகத்துக்குப் பஞ்சமே இல்லாத குற்றாலத்தில் அந்த வேலை மிச்சமாகியிருக்கும். ஆனால் பச்சைக் காடு முழுக்க மைக்கறையாகியிருக்கும், நிமிடக் கணக்கில் விழும் அருவி பஞ்சுப் பொதியாகியிருக்கும். கல் கோபுரங்களுக்கென்றே அமைந்த கேமரா அது. 1859இல் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன் இதெல்லாம் வீண் செலவு என்று புகைப்படத் துறையையே இழுத்து மூடினார்.

கல் கோபுரம் என்றால் தென்காசியிலும் இருந்தது. பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய காசி விசுவநாதர் கோயில் கோபுரம் 19ஆம் நூற்றாண்டில் சிதைந்து, பல தலைமுறைக்கு மொட்டைக் கோபுரமாகவே நின்றது. இன்று நாம் பார்க்கும் ஒன்பது நிலைக் கோபுரத்துக்கு 1990இல் குடமுழுக்கு. வீட்டு ஆல்பத்தில் தேதி எழுதாத தென்காசிப் படம் இருந்தால் முதலில் கோபுரத்தைப் பாருங்கள். எந்தக் காலத்துப் படம் என்பது பாதி தெரிந்துவிடும்.

படமாகவே சாமி இருக்கும் ஊரும் பக்கத்தில்தான். நடராசரின் ஐந்து சபைகளில் குற்றாலத்துக்கு வாய்த்தது சித்திர சபை. சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் தாமிரம், திருவாலங்காட்டில் இரத்தினம். இங்கே சுவரில் எழுதிய ஓவியம். அருவிக்கரைக் கூட்டத்தில் பாதிப் பேர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. குரங்கிடம் பறிகொடுத்த கைப்பையைத் துரத்துவதிலேயே பொழுது போய்விடுகிறது.

1904இல் செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் மலை ஏறுவது சுலபமாயிற்று. ஆரியங்காவைத் தாண்டி வரும் பதிமூன்று கண் பாலத்தை எடுக்காத புகைப்படக்காரர் இல்லை. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் ஊர். 1956 நவம்பரில்தான் சென்னை மாநிலத்துக்கு வந்தது. மீட்டர் கேஜ் நின்றது 2010இல், அகலப் பாதை முழுதாகத் திறந்தது 2018இல். இடைப்பட்ட வருஷங்களில் ரயில் இல்லாத பாலத்தை எடுத்தார்கள்.

சூரியகாந்திக் கூட்டத்துக்கு வழி காட்டியது சினிமா. 1992இல் வந்த 'ரோஜா'வில் கதாநாயகியின் ஊர் சுந்தரபாண்டியபுரம். 2005இல் 'அந்நியன்' படப் பாட்டுக்காக ஊர் வீடுகளுக்கும் ஊருக்கு வெளியே கிடந்த பாறைக்கும் வண்ணம் அடித்தார்கள். படம் ஓடி முடிந்தும் பாறைக்கு 'அந்நியன் பாறை' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வெயிலும் மழையும் சாயத்தை உரித்த பிறகும் வண்டியை நிறுத்தி வழி கேட்கிறார்கள்.

டேனியல்கள் போன வழியில் இன்று போக நினைப்பவர் விடியற்காலம் சாம்பவர்வடகரை வயலில் தொடங்கலாம். அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசத்தில் அருவிக்கு முன் ஒரு நிறுத்தம். பிறகு மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டே தெற்கே களக்காடு. அதற்குள் உச்சி சாய்ந்திருந்தால் மலை முகம் இருண்டுவிடும். அங்கேயே தங்கி மறுநாள் காலை எடுப்பது நல்லது. படத்தின் தலைப்பை நம்பிக் கடலையும் பார்க்க வேண்டுமென்றால் அங்கிருந்து இன்னும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வண்டியை விட வேண்டும்.