தீயைத் தாங்கும் மண்

வானம் பொய்த்த கரிசல் பூமியில் விவசாயத்தை மட்டும் நம்பியிருக்க இயலாது என்றுணர்ந்து, 1922-ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் அதைத் தொடங்கியபோது, பயிருக்குப் பகையாயிருந்த அதே வறண்ட காற்று, ஈரம் பட்டால் கெட்டுவிடும் தீக்குச்சி மருந்துக்குப் பேரனுகூலமாக அமைந்தது. தீப்பெட்டியின் பின் மத்தாப்பு வந்தது. 1940-இல் வெடிமருந்து விதிகள் அமலுக்கு வந்து லைசென்ஸ் முறை ஏற்பட, உலக யுத்தத்தால் அந்நிய நாட்டுப் பட்டாசுகளின் வரவும் நின்றுவிட, வாணத் தொழில் இம்மண்ணில் வேரூன்றியது.

அக்னியை மூட்டுவது எளிது. அதை ஒரு குழாய்க்குள் அடக்கி, வேண்டிய திசையில் வேண்டிய அளவில் வெளியேற்றுவதே வாணக்காரனின் வித்தை. காகிதக் குழாயின் வாயில் களிமண்ணை இடித்துச் செறித்து, நடுவே சிறு துவாரம் விடுவது புராதன வழக்கம். எரியாததும் உஷ்ணத்தை எளிதில் கடத்தாததுமான அந்த மண் இல்லையேல், காகிதத்தின் வாய் கணத்தில் கருகி அகன்று, வாணம் தன் வேகத்தையும் திசையையும் இழந்துவிடும். 1780-இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஹைதர் அலியின் சேனை ஏவிய வாணங்களுக்கு இரும்புக் குழாய் இருந்தமையால், அவை அதிக அழுத்தத்தைத் தாங்கி நெடுந்தூரம் பாய்ந்தன.

நம் காலத்து யந்திரங்களிலும் அந்தக் களிமண்ணின் தத்துவத்தையே காண்கிறோம். எக்ஸ்-15 என்னும் அமெரிக்க ராக்கெட் விமானத்தின் எஞ்சினில், 1960-களிலேயே, உஷ்ணத்தைத் தடுக்கும் ஸிர்க்கோனியாப் பூச்சு உலோகத்தைக் காத்தது. இன்றைய ஜெட் எஞ்சின்களில், உலோகம் உருகும் நிலையையும் மிஞ்சிய உஷ்ணமுள்ள வாயுவின் நடுவே சுழலும் தகடுகளை, உள்ளே ஓடும் குளிர்காற்றோடு சேர்ந்து, அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுள்ள அத்தகைய பூச்சே பாதுகாக்கிறது. அதன் மூலப்பொருளான ஸிர்க்கான் மணல், சிவகாசிக்குத் தெற்கே குமரி ஜில்லாவின் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் பிரித்தெடுக்கப்படுகிறது.

ஆயினும், பூச்சு எத்தனை உயர்ந்ததாயினும், பரீட்சைக்கு உட்படாமல் ஆகாயம் ஏறுவதில்லை. 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட உலையில் அதை வைத்துக் காய்ச்சி, வெளியே எடுத்து ஆறவிட்டு, மறுபடியும் காய்ச்சுவார்கள். உலோகமும் பூச்சும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதாலும், இரண்டுக்கும் இடையே ஆக்ஸைடு படலம் மெல்ல மெல்லத் தடிப்பதாலும், என்றேனும் ஒரு சுற்றில் பூச்சு செதிலாக உரிந்து விழும். அது எத்தனையாவது சுற்று என்பதே அதன் ஆயுளுக்கு அளவுகோல்.

சிவகாசியிலும் பரீட்சையின் சரித்திரம் உண்டு. உராய்வுக்கும் உஷ்ணத்துக்கும் சட்டெனத் தீப்பற்றும் குளோரேட்–கந்தகக் கலவை 1992-இல் தடை செய்யப்பட்டது. 1999-இல், வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தூரத்தில் ஒலி 125 டெசிபலைத் தாண்டலாகாது என்று விதிக்கப்பட்டது. இவ்விதிகளைச் சுமையென்று எண்ணுவது தகாது. எஞ்சினின் ஒரு தகட்டை அத்தனை முறை நெருப்பிலிட்டுப் பார்த்தே நம்பும் உலகம், மருந்தறையில் அமர்ந்து கலவையைக் கையால் அளையும் மனிதனுக்காக அதனினும் மேலான பரீட்சைகளை நடத்தக் கடமைப்பட்டது. அந்தக் கடமையை நிறைவேற்றும் அளவுக்கே இத்தொழில் மேன்மையுறும்.