ரபீஉ எந்தப் பருவம்?

ரபீஉ என்னும் அரபுச் சொல்லுக்கு வசந்தம் என்று பொருள் சொல்லிக்கொடுத்தே முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்டோம். ரபீவுல் அவ்வல் என்றால் முதல் வசந்தம். ரபீவுல் ஆகிர் என்றால் பின் வசந்தம். மதரஸாவின் முதல் வகுப்புப் பிள்ளையும் இதனை ஒப்பிக்கும். மீலாது மேடையேறும் பேச்சாளர்களும் இப்பொருளை விரித்தே பேசுகின்றனர். நாமும் அவ்வாறே பேசியிருக்கிறோம். அச்சொல்லுக்கு வேறொரு வரலாறும் உண்டென்பதை எமக்கு நினைவூட்டியவள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. நினைவூட்டிய இடம் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர்.

2023ஆம் ஆண்டு புரட்டாசி முடியும் தறுவாய். ஹிஜ்ரி 1445, ரபீவுல் அவ்வல் மாதத்தின் கடைசி நாட்கள். எம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் காவலூர்ப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறார். "ஹஜ்ரத், வீட்டில் எல்லாரையும் அழைத்துக்கொண்டு ஒருமுறை வந்து தங்க வேண்டும்" என்று பல ஆண்டுகளாக அவர் கேட்டுக்கொண்டிருந்ததற்கு அப்போதுதான் காலம் வாய்த்தது. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியே மலையேறினோம். வழியெல்லாம் மழை. அஸர் தொழுகைக்குப் பின் மழை விட்டது.

மழை விட்ட அந்த மாலைப் பொழுதை எவ்வாறு எழுதுவது? சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. கடைக்குப் பின்னால் வீடு. வீட்டுக்கு முன்னால் திண்ணை. மாணவரின் தாயார் உப்பிட்டு அவித்த வேர்க்கடலையை ஒரு முறம் நிறையக் கொண்டுவந்து வைத்தார். வைக்கோலில் பொதிந்து பழுக்கவைத்த சீத்தாப்பழங்களைப் பிள்ளைகள் ஒவ்வொன்றாய் அமுக்கிப் பார்த்து எடுத்தனர். எம் இல்லத்தரசியும் அந்த அம்மையாரும் சாமையை எப்படிக் குத்தினால் நொய் விழாது என்று நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தனர். கூரையிலிருந்து நீர் சொட்டுகின்ற ஓசை அடங்கவில்லை. கோடையில் இல்லாத ஒரு நெருக்கம் அந்தத் திண்ணைக்கு வந்திருந்தது. வெயில் காலத்தில் மனிதர் நிழல் தேடிப் பிரிந்து கிடக்கின்றனர். குளிர் தொட்டதும் கூடி உட்காருகின்றனர்.

இடையே ஒரு செய்தி. முறத்திலிருந்த கடலையும், கூடையிலிருந்த சீத்தாப்பழமும் நம் மண்ணில் பிறந்தவை அல்ல. இரண்டும் அமெரிக்கக் கண்டத்தவை. ஐரோப்பியர் அங்கே போய்வரத் தொடங்கிய பிறகே கப்பலேறி இந்நாட்டுக்கு வந்தவை. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சாமையே இம்மண்ணுக்கு உரியது. நம் நாட்டு மக்கள் புல்லாய்க் கிடந்ததைப் பயிராக்கி வளர்த்த தானியம் அது. விருந்தாளிகள் இருவரும் வீட்டுக்காரியை அடுப்படியிலேயே வைத்துவிட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்துகொண்டனர்!

அப்பொழுதுதான் மாணவரின் இளைய மகள் பாடம் ஒப்பிக்க வந்தாள். மாதங்களின் பெயர்களைப் பொருளோடு சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "வசந்தம்னா வெயில் வர்ற காலம்தானே ஹஜ்ரத்? இப்ப மழை பெய்யுதே?" என்றாள். பிறையாண்டு 354 நாட்களே கொண்டது; ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னே நகர்ந்து, 33 ஆண்டுகளுக்கொரு முறை பருவங்களையெல்லாம் சுற்றிவரும் என்று விளக்கினோம். அவள் விடவில்லை. "அப்ப, முதல் முதலா பேர் வச்சாங்களே, அன்னிக்கு என்ன காலம்?" என்றாள்.

வசந்தம் என்று சொல்ல வாயெடுத்தோம். வாய் எழவில்லை. மாணவப் பருவத்தில் வாசித்துக் கடந்துபோன ஒரு பக்கம் நெஞ்சில் வந்து நின்றது. "நாளைக்குச் சொல்கிறேன் அம்மா" என்று சிறுமியை அனுப்பிவிட்டோம். அன்றிரவு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. வீடு திரும்பிக் கிதாபுகளைப் புரட்டி உறுதி செய்துகொண்டதை இங்கே சுருங்கக் கூறுவோம்.

ஹிஜ்ரி 276இல் மறைந்த இமாம் இப்னு குதைபா (ரஹ்) அவர்களின் 'அதபுல் காதிப்' என்னும் நூலை அரபு இலக்கியத்தின் நான்கு தூண்களில் ஒன்றாக இப்னு கல்தூன் எண்ணுகிறார். பொதுமக்கள் ரபீஉ என்று எதனைக் கருதுகின்றனர், பழைய அரபிகள் எதனைக் கருதினர் என்று அந்நூல் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. பூக்கள் மலரும் வசந்தத்தையே மக்கள் ரபீஉ என்கின்றனர். பழைய அரபிகளோ கனிகள் பழுக்கின்ற கரீஃப் பருவத்தை, அதாவது கோடை முடிந்து குளிர் தொடங்கும் காலத்தை, ரபீஉ என்றனர். அவர்களுள் சிலர் இதனை முதல் ரபீஉ என்றும், குளிர்காலத்தின் பின்னே பூப்பூக்கும் காலத்தை இரண்டாம் ரபீஉ என்றும் வழங்கினர். எவ்வாறாயினும் கரீஃபே ரபீஉ என்பதில் அவர்களிடையே கருத்து வேறுபாடில்லை என்பது இமாமின் முடிவு. ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் அல்பீரூனி எழுதிய 'அல்ஆஸாருல் பாகியா'வும் மாதப் பெயர்களின் காரணத்தை விளக்குமிடத்து இதனையே கூறுகின்றது.

காரணம் எளிது. பாலைநிலத்தில் கோடை தணிந்தபின் விழும் முதல் மழைக்கு 'வஸ்மீ' என்று பெயர். தரையில் பசுமையால் அடையாளம் இடுவது என்பது அதன் பொருள். கருகிய நிலத்தில் அந்த அடையாளம் தோன்றுவதைக் கூடாரத்து வாசலில் நின்று கண்டவனுக்கு அதுவே வசந்தம். கரீஃப் என்னும் சொல்லோ பழம் பறித்தலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது. காரீஃப் பருவம், ரபி பருவம் என்று வானொலியில் உழவர்களுக்குச் சொல்லக் கேட்கிறோமே, அவையும் இச்சொற்களே. அங்கே ரபி என்பது வசந்தத்தில் அறுவடையாகும் பயிர். பிற்காலப் பொருளே அரசு ஏடுகளில் ஏறிற்று.

அந்த இரவில் உறக்கம் வராமல் வெளியே வந்து நின்றபோது மேகம் முற்றும் விலகியிருந்தது. காவலூர் வானம் பெயர் பெற்றது என்பதை வாசகர்கள் அறிவர். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பன்னிரண்டரைப் பாகையில் இருப்பதால், வடவானையும் தென்வானின் பெரும்பகுதியையும் இங்கிருந்து காணலாம். அதனாலன்றோ வானவியலறிஞர் வைணு பாப்பு இவ்விடத்தைத் தெரிந்தெடுத்தார்! கொடைக்கானல் பட்டறையில் செய்யப்பட்ட 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி 1968இல் இங்கே பணி தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. அவர் கனவு கண்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி முடிவுற்று 1986இல் அவர் பெயரையே பெற்றபோது அவர் உயிரோடில்லை, 1982இல் மறைந்துவிட்டார்.

எம் உள்ளம் பற்றி நிற்பது அவருடைய இளமையை. 1927இல் சென்னையில் பிறந்த அவர் வளர்ந்தது ஹைதராபாத்தில். தந்தையார் அங்கே நிஜாமியா வானாய்வு நிலையத்தில் உதவியாளர். அந்நிலையமும் ஒரு வீட்டு ஆசையில் பிறந்ததே. நவாப் ஸஃபர் ஜங் என்னும் பிரபு இங்கிலாந்திலிருந்து தொலைநோக்கியை வாங்கி 1901இல் தம் சொந்த இடத்தில் அதனைத் தொடங்கினார். அவர் மறைந்தபின் 1908இல் நிஜாம் அரசு ஏற்றுக்கொண்டது. ஏழரை இலட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடங்களை அளந்து அட்டவணைப்படுத்திய நிலையம் அது. அக்பர் அலி போன்ற அறிஞர்கள் அதனை நடத்தினர். அங்கே தந்தை செய்த வேலையைக் கண்டு வளர்ந்த சிறுவனே பிற்காலத்தில் ஜவ்வாது மலையேறி வந்தார். வானறிவு அவருக்கு முதலில் வீட்டுச் செய்தியாகவே இருந்தது.

நம் வீடுகளிலும் அது இருந்தது. எம் பாட்டனார் சுபுஹு நேரத்தைக் கடிகாரம் பார்த்து அறிந்தவரல்லர். முற்றத்துக் கட்டிலில் கிடந்தபடியே வானத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். இன்று முற்றமும் இல்லை. மாடியில் நின்றாலும் தெருவிளக்கின் வெளிச்சத்தில் பத்து மீன்களை எண்ண முடிவதில்லை. நேரம் காட்டும் அட்டவணை பள்ளிவாசல் சுவரில் தொங்குகிறது. எமது மாணவர்க்கு ஃபலக் கலையில் சூத்திரங்கள் தெரியும். சுஹைலைக் காட்டு என்றால் தெரியாது. இக்குறையில் பெரும்பங்கு எமதே. நாமும் அவர்களை வெளியே அழைத்துக்கொண்டுபோய்க் காட்டவில்லை.

வைகறையில் சிறுமியை எழுப்பினோம். அவள் பாட்டியும் போர்வையோடு வந்து நின்றார். நேர் தெற்கே, மலை விளிம்புக்கு மேலே வெண்மையாய் ஒளிர்ந்துகொண்டிருந்தது சுஹைல். வான மீன்களில் ஒளியால் இரண்டாவது அது. முதலாவதாகிய ஷிஃராவும், ஸூரத்துந் நஜ்மில் பெயர் கூறப்பட்டதுதான், அதற்கு மேலே நின்றது. அரபு நாட்டில் ஆகஸ்டு இறுதியில் சுஹைல் வைகறையில் முதன்முதலாகத் தென்படும். அன்றிலிருந்து வெயிலின் கூர் மழுங்கும் என்று கூடாரத்துக் கிழவிகளும் அறிவர். நம் நாட்டில் அதனை அகத்திய மீன் என்றனர். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் தம் பிருஹத் சம்ஹிதையில் அதன் தோற்றத்துக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். கலங்கிய நீர் தெளிவதற்கு அதனை அடையாளமாக்கினார். மொழியும் மார்க்கமும் வேறாயினும், கோடை விடுதலையை அறிவிக்கும் பணியை இரு நாட்டாரும் ஒரே மீனிடம் ஒப்படைத்திருக்கின்றனர். மதீனாவில் அது அடிவானிலிருந்து சுமார் 13 பாகையே உயரும். காவலூரில் 25 பாகை.

"நேத்துக் கேட்டியே அம்மா, இந்த மீன் வந்து, வெயில் போய், பழம் பழுத்து, முதல் மழை விழுற காலத்துக்குத்தான் அந்தப் பேர் வச்சாங்க" என்றோம்.

சிறுமி வானத்தையும் எம்மையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப இந்த வருஷம் மாசம் சரியான இடத்துக்குத் திரும்பி வந்துடுச்சா?" என்றாள்.

ஆம் என்றோம். பாங்கு சொல்ல இன்னும் சிறிது நேரம் இருந்தது. வாசல் விளக்கைப் போட உள்ளே சென்ற மகனை, "கொஞ்சம் பொறுடா" என்று தடுத்தார் அந்த அம்மையார்.